அரை மாத்திரைக்கு இரண்டு எழுத்துக் கட்டணம்

"எழுத்தைப் படித்துக்காட்டும் குரல் சேவையை மாற்றி எட்டு மாதமாகிவிட்டதே, நானும் மாறலாமா?" என்று போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு வரியில் பதில் வரவில்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது. அதனால் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துபோகும்.

புதிய சேவைக்கு ழகரம் வருகிறது. குழந்தைகளுக்கான கதைகளை வாரம் இரண்டு என்று ஒலிவடிவில் வெளியிடுகிறேன். பழைய சேவை இரண்டு ஆண்டுகளாக எல்லா மழையையும் மளை ஆக்கி, எல்லா வாழைப்பழத்தையும் வாளைப்பளம் ஆக்கிக் கொடுத்தது. மாறிய அன்று "கிழவி கீழே விழுந்தாள்" என்று தட்டச்சு செய்து கேட்டேன். மூன்று ழகரமும் சுத்தம், கடைசி ளகரம் தனியாக, துல்லியமாக. நாலைந்து முறை திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தேன். நீண்ட வாக்கியத்தில் எங்கே மூச்சு விட வேண்டும் என்பதும் அதற்குத் தெரிகிறது. குரலில் சிரிப்பும் தயக்கமும் இருக்கின்றன. பழையதில் அரசனும் அழுதபடி பேசும் மானும் ஒரே குரலில் வரவுசெலவு படிப்பார்கள்.

ஆனால் பழையதன் தவறுகளுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. "1947-இல்" என்று எழுதினால் நடுவில் உள்ள கோட்டைக் கழித்தல் என்று படிக்கும், ஒவ்வொரு முறையும். ஆகவே ஆண்டுகளை எழுத்தில் எழுதப் பழகிக்கொண்டேன். பகரம்தான் பெரிய தலைவலி. பணத்துக்கும் பயத்துக்கும் நாம் ஒரே ப தான் போடுகிறோம். வாய்க்கு வித்தியாசம் தெரியும், எழுத்துக்குத் தெரியாது. அந்த இயந்திரம் பயத்தையும் பணம்போலவே வல்லோசையில் உதிர்க்கும். கடைசியில் ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். "ம்பயம்" என்று எழுதினால், அம்பு, பாம்பு என்பதில் வருவதுபோல மகரத்தின் பின் பகரம் மெலிந்து ஒலிக்கும். பிறகு ஒலித்தொகுப்பில் அந்த மகரத்தை மட்டும் வெட்டி எறிந்துவிடுவேன். இப்படி நாற்பது சொற்களுக்கு ஒரு பட்டியலே வைத்திருந்தேன். அபத்தமான வேலைதான், ஆனால் ஒருமுறை செய்தால் முடிந்தது.

புதியதற்கு அந்தப் பட்டியல் தேவையில்லை. பத்துப் பயத்தைச் சரியாகச் சொல்லும், பதினோராவதைக் கெடுக்கும். எது பதினோராவது என்பது யாருக்கும் தெரியாது. அதன் வேலைமுறையே அப்படி. ஒவ்வொரு முறையும் நிகழ்தகவைப் பார்த்து ஒலியைப் புதிதாக உருவாக்குகிறது. ஆகவே ஒரே வரியை இரண்டு முறை கொடுத்தால் இரண்டு விதமாக வரும். நிலைத்தன்மை என்று ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அதை ஏற்றினால் பிசிறு குறைகிறது, கூடவே உயிரும் குறைந்து பழைய வரவுசெலவுக் குரல் எட்டிப் பார்க்கிறது. விளைவு, இருபது நிமிடக் கதையை முதலிலிருந்து கடைசிவரை காதில் மாட்டிக்கொண்டு கேட்டாக வேண்டும். முன்பு சந்தேகமான சொற்களை மட்டும் சோதிப்பேன். இப்போது எந்தச் சொல்லையும் நம்ப முடியவில்லை.

தவறிய வரியைத் திரும்ப உருவாக்கினால் அதற்கும் எழுத்துக் கணக்கில் கட்டணம் கழிகிறது. அந்தக் கணக்கு இன்னும் வேடிக்கை. அவர்கள் எண்ணுவது நம் எழுத்தை அல்ல, கணினி எழுத்தைப் பிரித்து வைத்துக்கொள்ளும் யூனிகோட் குறிகளை. "தமிழ்" நமக்கு மூன்று எழுத்து. அவர்களுக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. "க" என்றால் ஒன்று, "க்" என்றால் இரண்டு. இலக்கணத்தில் மெய்யெழுத்துக்கு அரை மாத்திரைதான். பாதி ஒலிக்கு இரட்டிப்புக் கட்டணம் வாங்குகிற கணக்கு இது. பழைய சேவையும் இப்படித்தான் எண்ணியிருக்க வேண்டும். அங்கே ஒரு வரியை ஒருமுறைதான் உருவாக்கினேன், அதனால் கண்ணில் படவில்லை.

நேற்றிரவு நடந்ததைச் சொல்கிறேன். வரி இதுதான்: "கிழவிக்குப் பயம் வந்தது. பாவம், பிள்ளை பசியோடு போகிறான் என்றாள்." முதல் முறை எல்லாம் சரி, "பாவம்" மட்டும் நடனத்தில் வருகிற பாவம் ஆகிவிட்டது. இரண்டாம் முறை அது சரியானது, பயம் வல்லோசைக்குப் போனது. மூன்றாம் முறை கிழவி சிரித்தாள். நான்காம் முறை "பசியோடு" என்பதை விழுங்கிவிட்டாள். ஐந்தாவதில் உச்சரிப்பு அத்தனையும் சுத்தம், ஆனால் "போகிறான்" கேள்வியாக முடிந்தது. பிள்ளை போகிறானா இல்லையா என்று கிழவி என்னைக் கேட்பதுபோல இருந்தது. ஆறாவதற்கு விரல் போனது. மாத இருப்பில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுத் திரையை மூடினேன்.

நியாயமாகச் சொன்னால், நண்பரே, புதியதுதான் மேல். ழகரம் ஒன்றுக்காகவே மாறலாம், குழந்தைகள் கேட்கிற கதை என்றால் மாறத்தான் வேண்டும். நீங்கள் தாராளமாக வாங்குங்கள். நான் இன்று காலை பழைய சேவையில் ஒரு மாதச் சந்தா கட்டிவிட்டேன். அந்த ஐந்தாவது ஒலிப்பதிவைத்தான் கதையில் சேர்த்திருக்கிறேன். யாராவது கேட்டால், கிழவிக்கே சந்தேகம் என்று சொல்லிக்கொள்வேன்.