பின்பால் மெஷின் கம்பெனி தொடங்க நாலு வழி: எது தேறியது, எது கவிழ்ந்தது?

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பின்பால் ஆடிப் பார்க்காதவர்கள் குறைவு. திரையில் பார்த்த அந்த ஆட்டத்தின் அசல், நான்கு காலில் நிற்கும் ஒரு மரப்பெட்டி. கண்ணாடிக்குக் கீழே ஆறரை டிகிரி சாய்ந்த பலகை, அதில் உருளும் 80 கிராம் எஃகுக் குண்டு, அது கீழே விழாமல் அடித்து மேலே அனுப்ப இரண்டு ஃப்ளிப்பர். அமெரிக்காவில் புது மெஷின் ஒன்று இன்று சுமார் 7,000 டாலரில் தொடங்குகிறது. சிறப்புப் பதிப்பு என்றால் அதைப்போல் இரண்டு மடங்கும் ஆகும்.

இந்தத் தொழிலின் ராஜாவாக இருந்த வில்லியம்ஸ், 1999 அக்டோபரில் பின்பால் பிரிவை இழுத்து மூடியது. அதே ஆண்டு சேகாவின் பின்பால் பிரிவை கேரி ஸ்டெர்ன் வாங்கி, ஸ்டெர்ன் பின்பால் என்று பெயர் வைத்தார். அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் பெரிய அளவில் மெஷின் செய்தது அந்த ஒரே கம்பெனிதான். 2011-இல் ஜெர்சி ஜாக் என்ற புதுக் கம்பெனி உள்ளே வந்ததும் கதவு திறந்துகொண்டது. பின்னாலேயே பலர் வந்தார்கள். பாதிப்பேர் இன்று இல்லை. வந்தவர்கள் தொடங்கிய விதத்தைப் பார்த்தால் நாலு வழிகள் தெரிகின்றன. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு விஷயம். புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஆட்டத்தை வடிவமைப்பதுதான் கஷ்டம் என்று நினைக்கிறார்கள். இல்லை. படம் அச்சிடாத வெறும் பலகையில் முதல் மாதிரியைச் செய்வார்கள். தொழிலில் அதற்கு வைட்வுட் என்று பெயர். குண்டு ராம்பில், அதாவது மேலேறும் சரிவுப் பாதையில், ஏறவில்லையா, ராம்பை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி மறுபடி துளை போடு. திரும்பி வரும் குண்டு நேராக நடுவில் விழுகிறதா, ஒரு போஸ்ட்டை (பலகையில் நிற்கும் குட்டித் தூண்) கழற்றி மாற்று. பொறுமையும் கைவேலையும் தெரிந்த ஒருவர் கார் ஷெட்டில் வைத்தே இதைச் செய்துவிடலாம், செய்தும் இருக்கிறார்கள்.

கஷ்டம் அதே மெஷினை நூறாவது முறை செய்வதில்தான் இருக்கிறது. ஒரு மெஷினில் 3,500-க்கு மேல் உதிரிபாகங்கள், அரை மைல் நீளத்துக்கு வயர் என்பது ஸ்டெர்ன் சொல்லும் கணக்கு. அத்தனையும் ஆள் கையால் பொருத்த வேண்டியவை. பலகையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிளைவுட்டில் துளை வெட்டி, விளக்கு தெரிவதற்கான பிளாஸ்டிக் வில்லைகளை ஒட்டி, மட்டமாகத் தேய்த்து, படத்தை அச்சிட்டு, மேலே லாக்கர் என்ற பளபளப்புப் பூச்சைப் பூசிக் காயவிட வேண்டும். சரியாகக் காயாத பலகையில் போஸ்ட்டை முறுக்கினால், அதைச் சுற்றி லாக்கர் பிதுங்கி அலை மாதிரி எழும்பும். கொஞ்ச நாளில் அந்த இடம் சில்லாகப் பெயரும். பல ஆயிரம் டாலர் கொடுத்தவர் அதை டார்ச் அடித்துப் பார்ப்பார். நன்றாகக் காயும்வரை காத்திருக்கலாம்தான், ஆனால் அதுவரை சம்பளமும் வாடகையும் கொடுத்தாக வேண்டும். ஆகவே நாலு வழிகளிலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்தக் காத்திருப்புக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்?

வழி ஒன்று: பெரிதாக அறிவித்து முன்பணம் வாங்குவது

ஜெர்சி ஜாக் போன வழி இது. ஜாக் குவார்னியரி பல வருடம் பின்பால் விற்றவர். வாங்குபவர்கள் யார், அவர்கள் எதற்கு ஏங்குகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நியூஜெர்சியின் லேக்வுட்டில் தொழிற்சாலை, தி விசார்ட் ஆஃப் ஆஸ் படத்தின் உரிமம், மெஷினின் பின்னால் நிமிர்ந்து நிற்கும் தலைப்பெட்டியில் 26 அங்குல எல்சிடி திரை, அகலமான பலகை என்று எல்லாவற்றையும் பெரிதாகவே யோசித்தார். அறிவித்தது 2011-இல், மெஷின் வெளியே போகத் தொடங்கியது 2013-இல். அடுத்த மெஷினான ஹாபிட்டை 2013-இல் அறிவித்தார்கள், அது வெளிவந்தது 2016-இல்.

கட்டி முடிக்காத அடுக்குமாடிக்கு முன்பணம் கட்டுவது போன்ற விஷயம் இது. பில்டர் நாணயமானவராக இருந்தாலும் சிமெண்ட் விலை ஏறினால் தவணைப் பணம் போதாது. ஜெர்சி ஜாக்குக்கும் வெளியிலிருந்து முதலீடு வந்த பிறகுதான் மூச்சு சீரானது. கம்பெனி இன்று இல்லினாய் மாநிலத்தில், மற்ற பின்பால் கம்பெனிகளுக்குப் பக்கத்தில் இயங்குகிறது. பிழைத்தது என்பது உண்மைதான். ஆனால் அங்கே முன்பணம் மட்டுமா இருந்தது? ஜாக்கின் பழைய பெயரும் இருந்தது. அந்தப் பெயர் இல்லாத புதுக் கம்பெனி இந்த வழியைப் பின்பற்றக் கூடாது என்பது என் கருத்து.

இதே வழியில் கவிழ்ந்தவர்கள் நிறைய. ஸ்கிட்-பி என்ற சிறிய கம்பெனி பிரிடேட்டர் பெயரில் 250 மெஷின் செய்வதாகச் சொல்லிப் பணம் வாங்கியது. கடைசியில் பார்த்தால் படத்தின் உரிமமே அவர்களிடம் இல்லை. 2015-இல் எல்லாம் முடிந்தது. வேல்ஸில் இருந்த ஹைவே பின்பால், ஃபுல் த்ராட்டில் என்ற சொந்த ஆட்டத்தோடு தொடங்கி ஏலியன் பட மெஷின் வரை வந்து 2018-இல் நொறுங்கியது. ஏலியன் மெஷினைப் பிறகு பின்பால் பிரதர்ஸ் என்ற வேறு கம்பெனி எடுத்துச் செய்தது. டெக்சாஸின் டீப்ரூட் வாடிக்கையாளர் பணத்தைவிட முதலீட்டாளர் பணத்தில் ஓடியது. 2021-இல் அதன் நிறுவனர் மீது அமெரிக்கப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பே மோசடி வழக்குப் போட்டது. மெஷின் விற்பனைக்கு வந்து சேரவில்லை.

வழி இரண்டு: சின்ன எண்ணிக்கை, சொந்தக் கொட்டகை

ஸ்பூக்கி பின்பால் இருப்பது விஸ்கான்சினின் பென்டன் என்ற சின்னஞ்சிறு ஊரில். சார்லி எமரியும் குடும்பமும் தொடங்கிய கம்பெனி அது. சார்லி முதலில் பின்பால் பற்றி பாட்காஸ்ட் செய்துகொண்டிருந்தவர். முதல் மெஷின் அமெரிக்காஸ் மோஸ்ட் ஹான்டட், வடிவமைத்தவர் பென் ஹெக். சினிமா உரிமம் இல்லாத சொந்தக் கதை, மொத்தமே 150 மெஷின். அடுத்து ராக் பாடகர் ராப் ஸாம்பி பெயரில் ஒன்று, 300. அதன்பின் டோட்டல் நியூக்ளியர் அனிஹிலேஷன், 550.

இந்த எண்களை நிதானமாகப் பாருங்கள். 150 என்று சொன்னால் 150 பேருக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். ஏதாவது தப்பு வந்தாலும் 150 பெட்டியில்தான் வரும், ஓனரே போனை எடுத்துப் பேசிச் சரிசெய்துவிடலாம். சொந்தக் கதை என்பதால் ஸ்டூடியோவுக்கு முன்தொகை இல்லை, குறைந்தபட்ச ராயல்டி உத்தரவாதம் இல்லை, நடிகர் முகம் சரியாக வரவில்லை என்று படம் திரும்பி வரும் தொல்லையும் இல்லை. டோட்டல் நியூக்ளியர் அனிஹிலேஷனில் ராம்பே கிடையாது. ஸ்காட் டேனசி வடிவமைத்த அந்த ஒற்றைத் தளப் பலகை வேகத்தாலும் இசையாலுமே பெயர் வாங்கியது. உதிரிபாகம் குறைந்தால் தவறு நேரும் இடமும் குறையும்.

குறை இல்லாமல் இல்லை. 150 மெஷினுக்கு மின்கம்பிச் சுருள், பிளாஸ்டிக் மோல்டிங் வாங்கும்போது கிடைக்கும் விலை, ஸ்டெர்னுக்குக் கிடைக்கும் விலை ஆகாது. லாபம் மெல்லியது. அப்புறம், வளர்ந்தால் இந்த வழியின் அழகே போய்விடுமோ என்ற பயமும் உண்டு. ரிக் அண்ட் மார்ட்டி கார்ட்டூன் தொடரை வைத்துச் செய்த 750 மெஷினும் அறிவித்த சில மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தன. 2021-இல் ஹாலோவீன் 1,250, அல்ட்ராமேன் 500. குடும்பக் கொட்டகை அப்போதே தொழிற்சாலையாகிவிட்டது.

வழி மூன்று: வடிவமைப்பு என்னுடையது, உற்பத்தி இன்னொருவருடையது

காகிதத்தில் இதுதான் மிகவும் புத்திசாலித்தனமாகத் தெரியும். தொழிற்சாலை வாடகை இல்லை, ஆள் சம்பளம் இல்லை. நெதர்லாந்தின் டச்சு பின்பால் அப்படித்தான் தி பிக் லெபவ்ஸ்கி பட மெஷினை ஒப்பந்த உற்பத்தியாளரிடம் கொடுத்தது. மெஷின் அருமையாக வந்தது, பார்த்தவர்கள் சொக்கிப் போனார்கள். கொஞ்சம் பெட்டிகள் வெளியே போன பிறகு பணத் தகராறு வந்தது. உற்பத்தி நின்றது, செய்து முடித்த மெஷின்களும் அங்கேயே மாட்டிக்கொண்டன. முழுப்பணம் கட்டியவர்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். கம்பெனி பிறகு எழுந்து உற்பத்தியைத் தொடர்ந்தது. ஆனால் அந்த இடைவெளியைப் பழைய வாடிக்கையாளர்கள் மறக்கவில்லை.

சாவி இன்னொருவர் கையில் இருக்கும் வழி இது. பின்பால் மெஷினுக்கு எத்தனை ஆள்நேரம் பிடிக்கும் என்பது முதல் ஐம்பது மெஷின் செய்யாமல் யாருக்கும் தெரியாது. ஆக, ஒப்பந்தத்தில் எழுதும் விலை எப்படியும் ஊகம்தான். ஊகம் தப்பினால் இரண்டு தரப்பில் ஒருவர் நஷ்டப்பட்டே ஆக வேண்டும். இதையே தலைகீழாகச் செய்த கம்பெனியும் உண்டு: எலக்ட்ரானிக் ஒப்பந்த உற்பத்தியில் இருந்த எய்ம்ட்ரான் தானே அமெரிக்கன் பின்பால் என்று தொடங்கி 2017-இல் ஹூடினி மெஷினைக் கொண்டுவந்தது. பட்டறை கையில் இருந்துவிட்டு வடிவமைப்பாளரைத் தேடுவது, வடிவமைப்பை வைத்துக்கொண்டு பட்டறை தேடுவதைவிடத் தேவலை.

வழி நாலு: முதலில் கருவி, பிறகு மெஷின்

டெக்சாஸின் மல்டிமார்ஃபிக் பற்றி வெளியே அதிகம் பேசுவதில்லை. ஜெரி ஸ்டெலன்பெர்க் முதலில் விற்றது மெஷினை அல்ல, பி-ராக் என்ற கட்டுப்பாட்டு போர்டை. வீட்டில் சொந்த மெஷின் செய்பவர்கள் வாங்கினார்கள். பிறகு மற்ற கம்பெனிகளும் வாங்கின. டச்சு பின்பாலும் அவர் வாடிக்கையாளர்தான், ஸ்பூக்கியின் டோட்டல் நியூக்ளியர் அனிஹிலேஷனுக்குள் ஓடுவதும் அவர் சரக்குதான். போட்டியாளர் ஜெயித்தாலும் இவருக்குக் காசு.

2017-இல் வந்த அவருடைய பி3 மெஷினில் பலகையின் நடுவில் பெரிய திரை. மேல்பகுதியைக் கழற்றி வேறு ஆட்டத்தின் பகுதியை மாட்டலாம். பெட்டியை ஒருமுறை வாங்கினால் போதும், அடுத்த ஆட்டத்துக்கு முழு மெஷின் விலை கொடுக்க வேண்டியதில்லை. கேட்க நன்றாக இருக்கிறது, விற்பது கடினம். சேகரிப்பவர்களுக்கு அறை நிறைய வரிசையாக மெஷின் நிற்க வேண்டும். ஒரே பெட்டிக்குள் ஐந்து ஆட்டம் என்பது அவர்கள் ஆசைக்கே எதிரானது. ஆனாலும் 2022-இல் பகடிப் பாடகர் வீயர்ட் அல் உரிமத்தோடு ஒரு ஆட்டம், 2023-இல் டேனசியின் ஃபைனல் ரெசிஸ்டன்ஸ் என்று கம்பெனி சத்தமில்லாமல் நகர்கிறது.

என்னைக் கேட்டால், கையில் நல்ல வைட்வுட்டும் கொஞ்சம் சேமிப்பும் இருப்பவர் இரண்டாவது வழியில் தொடங்க வேண்டும். எலக்ட்ரானிக்ஸைப் புதிதாகக் கண்டுபிடிக்காமல், நாலாவது வழிக்காரரிடம் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். உரிமம் வேண்டாம். எண்ணிக்கை நூற்றைம்பதைத் தாண்ட வேண்டாம். முதல் பத்து மெஷினைச் சொந்தக் காசில் செய்து, நாலு பேர் கடையில் வைத்து, நாள் முழுக்க அடி வாங்கவிட்டு, எது உடைகிறது என்று பார்த்த பிறகே முன்பணம் வாங்கலாம். அந்தப் பத்து மெஷினுக்குக்கூடக் காசு போதாது என்றால் இன்னும் தொடங்கும் வேளை வரவில்லை. அதுவரை கட்டுப்பாட்டு போர்டையோ ராம்பையோ செய்து மற்றவர்களுக்கு விற்கலாம்.