எச்சரிக்கை: ஆஸ்திரேலிய ஸ்கீ ரிசார்ட் வேலைக்கு ஏஜென்ட்டிடம் பணம் கட்டும் முன்

"பனிமலை ரிசார்ட்டில் நாலு மாத வேலை, தங்குமிடம் சாப்பாடு இலவசம், விசா உறுதி, மொத்தக் கட்டணம் நாலரை லட்சம்." இந்த மாதிரி விளம்பரம் கண்ணில் பட்டால் "விசா உறுதி" என்ற இடத்திலேயே நின்றுவிடுங்கள். பொய் அங்கேதான் இருக்கிறது.

இந்திய பாஸ்போர்ட்டில் இப்படி ஒரு சீசன் வேலைக்குப் போக ஆஸ்திரேலியா திறந்துவைத்திருக்கும் வழி "ஒர்க் அண்ட் ஹாலிடே" எனப்படும் 462 என்ற எண்ணுள்ள விசா. வயது 18 முதல் 30 வரை. இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 1000 இடங்கள். 2024 அக்டோபரில் முதல் பதிவு நடந்தது. பதிவுக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர், தேர்வு கணினிக் குலுக்கல். ஒருவருக்கு ஒரு பதிவுதான். குலுக்கலில் பெயர் வந்த பிறகுதான் விசாவுக்கே விண்ணப்பிக்க முடியும். அதற்குத் தனிக் கட்டணம், கையிருப்புப் பணத்துக்கு ஆதாரம், ஆங்கிலம் தெரியும் என்பதற்குச் சான்று எல்லாம் வேண்டும். இந்தக் குலுக்கலில் எந்த ஏஜென்ட்டாலும் உங்கள் பெயரை மேலே தள்ள முடியாது. "கோட்டா இருக்கிறது, உள்ளே ஆள் இருக்கிறார்" என்று சொல்லி வாங்கும் பணம் திருட்டுப் பணம். இதே வேலையைக் கனடாவின் விஸ்லரிலோ பான்ஃபிலோ "ஒர்க்கிங் ஹாலிடே விசா"வில் தருவதாகச் சொன்னால் மேற்கொண்டு பேசவே வேண்டாம். கனடாவின் அந்தத் திட்டத்தில் இந்தியா இல்லை.

பணம் எப்படிப் போகிறது என்றால், முதலில் "ரிஜிஸ்ட்ரேஷன்" என்று பத்தாயிரம், இருபதாயிரம். பிறகு ரிசார்ட்டின் லோகோ போட்ட ஆஃபர் லெட்டர் வரும். அதைக் காட்டி "டாக்குமென்டேஷன்" என்று லட்சக்கணக்கில் கேட்பார்கள். ரசீதில் வேலை என்ற சொல்லே இருக்காது. "ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது" என்று இருக்கும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க 1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவரும் வேலைக்குப் போகிறவரிடம் ரூ. 30,000, அதன் மேல் ஜிஎஸ்டி, அவ்வளவுதான் வாங்கலாம். அந்தச் சட்டத்திலிருந்து நழுவத்தான் "நாங்கள் கன்சல்டன்சி மட்டுமே" என்கிற பேச்சு. இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் உரிம எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஆஃபர் லெட்டரில் இருக்கும் போன் எண்ணுக்கு அழைக்காதீர்கள். ரிசார்ட்டின் சொந்தத் தளத்தில் இருக்கும் வேலைவாய்ப்புப் பக்கம் வழியாக எழுதிக் கேளுங்கள். பெரிய ரிசார்ட்டுகள் எல்லாம் ஆண்டுத் தொடக்கத்திலேயே அங்கேதான் நேரடியாக ஆள் எடுக்கின்றன.

இதைவிடக் கொடுமை, 600 என்ற விசிட்டர் விசாவை எடுத்துக் கொடுத்து "அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்பது. விசா வந்ததும் வீவோ என்ற அரசுத் தளத்தில் நீங்களே பாருங்கள். 8101 என்ற நிபந்தனை இருந்தால் வேலை செய்யவே கூடாது. 8503 இருந்தால் அங்கிருந்து வேறு விசாவுக்கு விண்ணப்பிப்பதும் ஏறக்குறைய முடியாத காரியம். 462இல் பொதுவாக 8547 இருக்கும்: ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் வரை. சீசனே ஜூன் நடுவாக்கில் தொடங்கி அக்டோபர் தொடக்கத்தில் முடிந்துவிடுவதால் இது தடையே இல்லை.

சரியான விசாவோடு போனவர்களும் பணத்தை இழக்கிற இடம் ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒப்பந்தத்தில் "கேஷுவல்" என்று இருந்தால், வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்ற உறுதி கிடையாது. வேலை பனியைப் பொறுத்தது. ஜூனில் பனி விழாவிட்டால், சறுக்க வருபவர்களை மலைமேல் ஏற்றும் லிஃப்ட் ஓடாது, ஷிஃப்ட் வராது. அறை வாடகை மட்டும் வாராவாரம் சம்பளத்தில் பிடிக்கப்படும். மணிக்கு 30 டாலர் என்று வையுங்கள். ஒரு வாரத்தில் 12 மணி நேர வேலைதான் கிடைத்தது, 360 டாலர். 15 சதவீத வரி போக 306. அறைக்கு 250 போனால் கையில் 56 டாலர். அந்த மலையில் ஒரு வாரச் சாப்பாட்டுக்கு அது காணாது. ஆகவே கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள்: குறைந்தபட்ச மணிநேரம் உண்டா, பனி தாமதமானால் வேலை தொடங்கும் தேதியும் வாடகையும் என்ன ஆகும், வேலையை விட்டால் அறையை எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும். பதில் சொல்லத் தயங்கும் முதலாளியை விட்டுவிடுங்கள். கையில் இரண்டு மாதச் செலவுக்குப் பணம் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள்.

ரிசார்ட்டில் அறை கிடைக்காதவர்கள் நியூ சவுத் வேல்ஸின் பெரிஷர், திரெட்போ ரிசார்ட்டுகள் பக்கம் என்றால் கீழே ஜிண்டபைன் ஊரில் வீடு தேடுவார்கள். படத்தை மட்டும் காட்டி முன்பணம் கேட்டால் அனுப்பாதீர்கள். நியூ சவுத் வேல்ஸில் வாடகை ஒப்பந்தத்துக்கான பாண்ட் (வீட்டுக்கான வைப்புத்தொகை) நாலு வார வாடகையைத் தாண்டக் கூடாது. அது வீட்டுக்காரரின் பையில் அல்ல, அரசிடம் கட்டப்பட வேண்டும்.

சிறிய லாட்ஜ், உணவகங்களில் "ஏபிஎன் எடுத்துக்கொண்டு வா" என்பார்கள். ஏபிஎன் என்பது சொந்தத் தொழில் செய்பவருக்கான பதிவு எண். பாத்திரம் கழுவவும் அறை சுத்தம் செய்யவும் ஏபிஎன் எதற்கு? உங்களைத் தொழிலாளி இல்லை, ஒப்பந்தக்காரர் என்று காட்டிக் குறைந்தபட்சச் சம்பளத்தையும் 12 சதவீத சூப்பரையும் (முதலாளி கட்ட வேண்டிய ஓய்வூதியப் பங்கு) தராமல் ஏமாற்றத்தான். உங்களுக்கு வேண்டியது டிஎஃப்என் என்ற வரி எண். அது இலவசம், அதற்கும் ஏஜென்ட் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். சம்பளம் வந்த ஒரு வேலைநாளுக்குள் பே ஸ்லிப் தந்தாக வேண்டும். தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஜூலையில் மணிக்கு 24.95 டாலர் ஆனது, கேஷுவலுக்கு அதற்கும் மேல். சீருடை, பயிற்சி என்று உங்கள் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் முதலாளி தன் வசதிக்குப் பிடிக்கும் தொகை சட்டப்படி செல்லாது.

வேலை செய்த நேரத்தை அன்றன்றே குறித்துவையுங்கள். ரோஸ்டரை (ஷிஃப்ட் அட்டவணையை) படம் எடுத்துவையுங்கள். சம்பளப் புகார்களைப் பார்க்கும் ஆஸ்திரேலிய அரசு அமைப்பான ஃபேர் ஒர்க் ஆம்புட்ஸ்மேனிடம் புகார் தருவது இலவசம், எண் 13 13 94, மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். வராத சம்பளத்தை ஆறு ஆண்டுகள் வரை பின்னோக்கிக் கேட்க முடியும். ஊரிலேயே ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க வாய்ப்பு அப்போதுதான் அதிகம். கூடவே சென்னையில் உள்ள குடியேற்றப் பாதுகாவலர் (புரொடெக்டர் ஆஃப் எமிகிரன்ட்ஸ்) அலுவலகத்துக்கும் எழுதுங்கள், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், ஆஃபர் லெட்டர் மூன்றின் நகலோடு.