அறுநூறு கிலோ காருக்கு எந்த டயர்?

எங்கள் கார் 560 கிலோ. ஓசூரில் ஒரு லேத் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில், சதுரக் குழாய்களை வெல்டிங் செய்து, பழைய மாருதி எஸ்டீமின் 1.3 லிட்டர் இன்ஜினை முன்னால் வைத்து, நானும் நண்பரும் மூன்று வருடமாகக் கட்டியது. 1957-ல் லோட்டஸ் செவன் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் காட்டிய அதே வழி: கதவு கிடையாது, கூரை கிடையாது, தேவையில்லாத ஒரு கிலோவும் கிடையாது. பதிவு எண் வாங்கி ரோட்டில் ஓட்டும் வண்டி இல்லை இது. பிக்கப்பில் ஏற்றி, கிருஷ்ணகிரி தாண்டி இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போவோம். அல்லது தருமபுரி, தொப்பூர் கணவாய், சேலம் என்று இறங்கிக் கோவை செட்டிபாளையம் டிராக்குக்குப் போவோம்.

வண்டி தயாரான நாளிலிருந்து எங்களுக்குள் ஒரே பேச்சு, டயர்தான். நண்பருக்கு டோயோ ஆர்888ஆர் வேண்டும். எனக்கு யோகோஹாமா அட்வான் ஏ052. இரண்டும் டிராக்கில் ஓட்டுபவர்கள் தேடும் டயர்கள். ராயக்கோட்டை ரோட்டில் எங்களுக்கு அலைன்மென்ட் பார்க்கும் அண்ணன், "நம்ம ஊரில் கிடைக்கிற 185/60 போடுங்க தம்பி, அப்புறம் மத்ததைப் பார்க்கலாம்" என்கிறார். அதில் 185 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம், 60 என்பது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. மூன்றையும் நேர்மையாக எடைபோட்டுப் பார்த்தேன்.

முதலில் எடைக் கணக்கு. ஓட்டுபவரையும் சேர்த்தால் 630 கிலோ, ஒரு சக்கரத்துக்குச் சுமார் 158 கிலோ. 195/50ஆர்15 அளவில் (15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம்) வரும் டயரில் 82 என்று எடைக் குறியீடு போட்டிருந்தால், அது 475 கிலோ தாங்கும் என்று அர்த்தம். நாங்கள் கொடுப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு. இந்த ஒரு விஷயம் மற்ற எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. கனமான காரில் டயர் நசுங்கி, வளைந்து, உராய்ந்து தானாகச் சூடாகும். இலேசான காரில் அந்த வேலையே குறைவு, அதனால் சூடும் குறைவு. டிராக்குக்கென்று செய்த ரப்பர் சூடேறினால்தான் ஒட்டும். "எவ்வளவு பந்தயத்தனமான டயரோ அவ்வளவு கிரிப்" என்ற கணக்கு 1,200 கிலோ காருக்குச் சரி, எங்களுக்குச் சரியில்லை. டயரை அகலமாக்கினால் கிரிப் கூடும் என்று நினைப்பதிலும் இதே சிக்கல்தான்: அதே எடை இன்னும் அதிக ரப்பரில் பரவும், சூடேற இன்னும் நேரமாகும்.

இப்போது ஆர்888ஆர். இது செமி ஸ்லிக். பட்டன், அதாவது டயர் மேல் இருக்கும் ரப்பர் கட்டைகள், குறைவு, பள்ளங்கள் குறைவு, தரையைத் தொடும் ரப்பர் அதிகம். சித்திரை வெயிலில் இருங்காட்டுக்கோட்டைத் தார் கொதிக்கும்போது, சூடேறிய பிறகு, இந்த மூன்றில் இதுதான் வேகம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டயரின் பக்கச் சுவர் விறைப்பாக இருப்பதால் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் மூக்கு திரும்பும். ஆனால் எங்கள் ஓட்டம் ஒரு நேரத்தில் பதினைந்து நிமிடம். அதில் முதல் மூன்று, நான்கு சுற்று டயரைச் சூடாக்குவதிலேயே போய்விடும். மார்கழிக் காலையில் என்றால் இன்னும் மோசம்.

செமி ஸ்லிக்கில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் ரப்பர் கொஞ்சம் இறுகும். இதை நாங்கள் காசு கொடுத்துக் கற்றோம். கைமாறி வந்த ஒரு செட், வேறு கம்பெனியுடையது, பட்டன் நன்றாகவே இருந்தது, விலையும் படிந்தது. செட்டிபாளையத்தில் இரண்டாவது சுற்றிலேயே பின்பக்கம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் விலகி, வண்டி முழுசாக ஒரு சுற்று சுற்றி மண்ணில் நின்றது. யாருக்கும் அடி இல்லை. வீட்டுக்கு வந்து டயரின் சுவரில் இருந்த நான்கு இலக்கத் தேதியைப் பார்த்தோம். முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், கடைசி இரண்டு இலக்கம் வருடம். டயருக்கு வயது ஏழு. அதிலிருந்து பட்டனைப் பார்க்கும் முன் தேதியைப் பார்க்கிறேன், நகத்தால் அழுத்தியும் பார்க்கிறேன்.

ஏ052 வேறு ரகம். அமெரிக்கத் தேய்மானக் குறியீட்டில் இதற்கு 200, ஆர்888ஆருக்கு 100; எண் கூடினால் மெதுவாகத் தேயும் என்று கணக்கு. அந்த எண்ணை ரொம்ப நம்ப வேண்டாம். டெக்சாஸில் ஏறத்தாழ 11,600 கிலோமீட்டர் ரோட்டில் ஓட்டிப் பார்த்து, அதிலிருந்து அந்தந்தக் கம்பெனியே தன் டயருக்குப் போட்டுக்கொள்ளும் எண் அது. தேய்மானத்தைத்தான் சொல்கிறது, கிரிப்பைச் சொல்லவில்லை. நடைமுறையில் ஏ052-வின் பெரிய குணம், சீக்கிரம் சூடாவது. கோவையில் ஒரு நண்பரின் செட்டைக் கடன் வாங்கி ஓட்டியபோது, முதல் சுற்றின் பாதியிலேயே பிடிப்பு வந்துவிட்டது. வழுக்கப் போகிறது என்றால் கொஞ்சம் முன்னாலேயே ஸ்டியரிங்கில் தெரிந்தது. கனமான கார்களில் இந்த டயர் சீக்கிரம் அதிகமாகச் சூடாகித் தளர்ந்துவிடும் என்பது ஓட்டுபவர்கள் எல்லோரும் சொல்லும் குறை. எங்கள் எடையில் அந்தக் குறை அநேகமாக வராது. கனமான காருக்குக் குறையாக இருப்பதுதான் இலேசான காருக்கு வரம்.

மழையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். தண்ணீர் மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் முக்கியமாகக் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. விமான டயர்களுக்காக நாசாவில் கண்ட சூத்திரம் ஒன்று உண்டு: காற்றழுத்தத்தின் பி.எஸ்.ஐ. எண்ணின் வர்க்கமூலத்தை 9 ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் (ஒரு நாட் மணிக்கு 1.85 கிலோமீட்டர்) வேகம் வரும். 32 பி.எஸ்.ஐ. பிடித்த சாதாரணக் காருக்கு இது மணிக்கு 94 கிலோமீட்டர். எங்களுடையது போன்ற இலேசான காரில் 18 பிடித்தால் வெறும் 71. கார் டயருக்கு இது அப்படியே பொருந்தாது, பள்ளங்களின் ஆழமும் தண்ணீரின் ஆழமும் சேர்ந்துதான் முடிவு செய்யும். ஆனாலும் திசை சரி. காற்று குறைவாகப் பிடித்த இலேசான கார், அதிலும் பள்ளம் குறைந்த செமி ஸ்லிக் என்றால், ஐப்பசி மழையில் டிராக்கில் இறங்கவே கூடாது. ஏ052 இதில் கொஞ்சம் பரவாயில்லை, கொஞ்சம்தான். மழைக்கு அலைன்மென்ட் அண்ணனின் 185/60 தான் ராஜா.

அந்த 185/60ஆர்15, ஃபோக்ஸ்வேகன் போலோவுக்கு வரும் அளவு. ஓசூரில் எந்தக் கடையிலும் கிடைக்கும். குறை, உயரம். 195/50-ன் விட்டம் 576 மில்லிமீட்டர், இது 603. வண்டி 13 மில்லிமீட்டருக்கு மேல் தூக்கி நிற்கும், கியர் ஐந்து சதவீதம் நீளும், அதாவது இழுவை அந்த அளவு குறையும். 85 குதிரைத்திறன் வண்டியில் அது நன்றாகவே உறைக்கும். சுவரும் மெத்தென்று இருப்பதால் திருப்பத்தில் ஒரு நொடி யோசித்துத் திரும்பும். கிரிப்பும் குறைவுதான். ஆனால் மெதுவாக, சத்தம் போட்டுச் சொல்லிவிட்டு வழுக்கும். வண்டியின் குணத்தை இன்னும் படித்துக்கொண்டிருக்கும் எங்களுக்கு அது பெரிய விஷயம்.

வாங்கும் வழியும் முக்கியம். 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. இறக்குமதி செய்ய உரிமம் வேண்டும். அதனால் டோயோ, அட்வான் எல்லாம் கடையில் சொல்லி வைத்து அடுத்த வாரம் எடுக்கும் சரக்கு இல்லை. பெரும்பாலும் பழைய இருப்பு அல்லது கைமாறும் செட். அங்கே மறுபடியும் அந்த நான்கு இலக்கம்.

என் தேர்வு ஏ052, புதிய தேதியில் கிடைத்தால் மட்டும். இரண்டு வருடம் பழையதுதான் கிடைக்கும் என்றால் காசை வீணாக்காமல் 185/60-லேயே ஓட்டுவேன். நண்பர் இன்னும் ஆர்888ஆர் பக்கம்தான், அவர் வாதம் முழுக்கக் கோடைக்கானது என்று அவருக்கும் தெரியும். இப்போதைக்குப் போலோ அளவை மாட்டி, குளிர்ந்த நிலையில் 20 பிடித்து, அடுத்த மாதம் செட்டிபாளையம் போகிறோம். ஓட்டம் முடிந்து பிட்டுக்குள், அதாவது டிராக் ஓரத்தில் வண்டி நிறுத்தும் இடத்துக்குள், வந்ததும் டயரின் உள்ளோரம், நடு, வெளியோரம் மூன்றிலும் சூட்டை அளந்து எழுதிக்கொள்ளப் போகிறேன். நடு மட்டும் அதிகமாகச் சுட்டால் காற்று அதிகம் என்று அர்த்தம், 18-க்கு இறக்குவோம்.