தொலைக்காட்சி பார்க்கும்போது கூடவே ஒரு சாட்பாட்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

2023 முதல் எங்கள் வீட்டில் இரவு நேரத்தில் தொலைக்காட்சி ஓடும்போதெல்லாம் யாராவது ஒருவர் கைப்பேசியில் சாட்பாட் திறந்திருக்கும். அலுவலக வேலைக்கு அதை நான் பயன்படுத்துவதில்லை. "இந்த நடிகர் இதற்கு முன் எதில் வந்தார்?", "ஈமு பறக்குமா?" போன்ற சில்லறைக் கேள்விகளுக்குத்தான். ஆகவே இம்மதிப்பீடும் அந்த எல்லைக்கு உட்பட்டதே.

உலகெங்கும் பலமுறை எழுதப்பட்ட செய்திகளில் அது பெரும்பாலும் தவறுவதில்லை. அதைவிட எனக்கு உதவியது, அரைகுறை நினைவை வைத்துக்கொண்டு பெயரைக் கண்டுபிடித்துத் தரும் திறமை. விடையைக் கேள்வி வடிவில் சொல்ல வேண்டிய அமெரிக்க வினாடி வினா எது என்று கேட்டபோது, 'ஜெப்பர்டி' என்று உடனே சொன்னது.

தமிழ்த் தொலைக்காட்சிக்கு வந்தால் கதை வேறு. சென்னைத் தூர்தர்ஷனில் 'ஒளியும் ஒலியும்' எந்தக் கிழமை ஒளிபரப்பானது என்று என் மாமனார் கேட்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை என்பது அவர் தலைமுறைக்கு மனப்பாடம். சோதித்துப் பார்க்கத்தான் கேட்டார். ஞாயிறு என்று பதில் வந்தது. "உறுதியாகத் தெரியுமா?" என்றதும் மன்னிப்புக் கேட்டுச் சனிக்கு மாறியது. "செவ்வாய் அல்லவா?" என்று வேண்டுமென்றே தவறாகச் சொன்னோம், மிகச் சரி என்று பாராட்டிவிட்டு, செவ்வாயைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணத்தையும் தானே சேர்த்துக்கொண்டது. "இவன் நாம் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறான்" என்றார் மாமனார். அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்து எழுதும் கருவிக்கு, எழுத்தில் அதிகம் பதிவாகாத தமிழ் நிகழ்ச்சிகள் பற்றிய இடைவெளியைப் பொருத்தமான சொற்களால் நிரப்புவது எளிது. தெரியாது என்று நிறுத்திக்கொள்வதுதான் கடினம். இணையத்தில் தேடிப் பார்த்துப் பதில் சொல்லும் வசதி வந்த பிறகு இக்குறை குறைந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் பழைய தொடர்களின் கதைச்சுருக்கம் கேட்டால், இரண்டு தொடர்களைக் கலந்து மூன்றாவதாக ஒன்றை ஆக்கித் தருவது இன்றும் நடக்கிறது.

இதே ஜெப்பர்டியில் 2011 பிப்ரவரியில் ஐபிஎம் உருவாக்கிய வாட்சன் என்னும் கணினி, அந்நிகழ்ச்சியின் பெரும் வெற்றியாளர்களான கென் ஜென்னிங்ஸ், பிராட் ரட்டர் இருவரையும் வென்றது. அதற்கிடையே, அமெரிக்க நகரங்கள் என்ற தலைப்பில் வந்த ஒரு கேள்விக்குச் சிகாகோ என்று சொல்ல வேண்டிய இடத்தில், கனடாவிலுள்ள டொராண்டோவைச் சொல்லி அரங்கைச் சிரிக்க வைத்தது. ஆனால் அவ்விடையின் பின்னே ஐந்து கேள்விக்குறிகள் இருந்தன. அதன்மேல் அது வைத்த பணயமும் வெறும் 947 டாலர். தனக்கு நம்பிக்கையில்லை என்பதைப் பார்வையாளருக்குத் தெரியும்படி அந்தப் பழைய இயந்திரம் காட்டியது. அதைவிடப் பல மடங்கு சரளமாகப் பேசும் நம் கைப்பேசிச் சாட்பாட்டில் எனக்கு இல்லாமற்போனது இந்த ஒன்றுதான்: சரியான விடைக்கும் புனைந்த விடைக்கும் அதன் குரலில் வேறுபாடே இல்லை.

சொல் விளையாட்டுக்கு அதை நம்ப வேண்டாம். 'திருநெல்வேலி' நமக்கு ஆறெழுத்து. கணினிகள் எழுத்துகளைப் பதியும் ஒருங்குறி (யூனிகோட்) முறையில் அது பன்னிரண்டு குறியீடுகள், சாட்பாட்டுக்கோ இவ்விரண்டும் அல்லாத வேறு துண்டுகள். ஆகவே எழுத்தெண்ணும் புதிர்களில் அது தடுமாறுவதில் வியப்பில்லை.

இந்த அளவு பயன்பாட்டுக்கு இலவசப் பதிப்பே போதும். கட்டணப் பதிப்பையும் சில காலம் வைத்திருந்தேன். சில்லறைக் கேள்விகளில் பெரிய வேறுபாடு தெரியாததால் புதுப்பிக்கவில்லை. தமிழ் நிகழ்ச்சிகளைப் பற்றிக் கேட்பவர்கள், இணையத்தில் தேடிப் பார்த்துச் சொல்லும்படி கேள்வியிலேயே சேர்த்துக் கேட்பது நல்லது. அது காட்டும் இணைப்பையும் ஒருமுறை திறந்து பார்த்துவிட வேண்டும்.