பிசிஓஎஸ்ஸில் உங்களுக்கு எந்த டைப் என்று கேட்டு வருகிறவர்களிடம் பணம் கட்டாதீர்கள்

மும்பை, தாணே, நவி மும்பை பக்கம் இருக்கும் நம் பெண்களுக்கும் பெண்ணைப் பெற்றவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பிசிஓஎஸ் என்பது ஹார்மோன் கோளாறால் கருமுட்டை ஒழுங்காக வராமல் பீரியட்ஸ் தள்ளிப்போகும் பிரச்சினை. மாத்திரையே இல்லாமல் இயற்கையாகப் பிசிஓஎஸ்ஸைக் குணப்படுத்துகிறோம், முதலில் உங்களுக்கு எந்த டைப் என்று இலவசமாகக் கண்டுபிடித்துச் சொல்கிறோம் என்று இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது. தமிழிலும் வருகிறது. என் தங்கை அதை நம்பி 42,000 ரூபாய் கட்டினாள். பணத்தை விட அவள் உடம்பு பட்ட பாடுதான் என்னை எழுத வைக்கிறது. நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் இதே பேச்சைப் பேசி விற்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால் பெயரை விட அந்தப் பேச்சு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

தங்கைக்கு 26 வயது. ஐரோலியில் வேலை, ராத்திரி ஷிஃப்ட். ஒல்லியான உடம்பு. பீரியட்ஸ் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வரும், சில சமயம் அதையும் தாண்டும், தாடையில் பரு, மோவாயில் முடி. சயானில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டுப் பிசிஓஎஸ் என்று சொல்லி இன்சுலின் சரியாக வேலை செய்ய உதவும் மெட்ஃபார்மின் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். ஆரம்பத்தில் அது வயிற்றைப் புரட்டியது. நிறையப் பேருக்கு அப்படித்தான் ஆகும், சாப்பாட்டோடு எடுத்து, டோஸைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அந்தச் சமயம் பார்த்து இந்த விளம்பரம் அவள் கண்ணில் பட்டிருக்கிறது.

முதலில் ஒரு கேள்வித்தாள். தூக்கம் சரியாக வருகிறதா, வேலையில் டென்ஷனா, இனிப்பு சாப்பிடத் தோன்றுகிறதா, எப்போதாவது கருத்தடை மாத்திரை எடுத்திருக்கிறீர்களா, இப்படிக் கேள்விகள். முடிவில் நான்கு டைப்பில் ஒன்று வரும்: இன்சுலின் டைப், வீக்கத்தால் வரும் இன்ஃப்ளமேஷன் டைப், கிட்னிக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியால் வரும் அட்ரினல் டைப், கருத்தடை மாத்திரையை நிறுத்திய பிறகு வரும் டைப். அவளுக்கு அட்ரினல் என்று வந்தது. ஒல்லியாக இருக்கிறாள், ராத்திரி முழித்து வேலை பார்க்கிறாள், டென்ஷன் என்று டிக் செய்திருக்கிறாள், அவ்வளவுதான் காரணம். ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை.

அப்புறம் ஹார்மோன் கோச் என்று ஒரு பெண் போனில் பேசினார். மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுத்துவிடும், இன்றைக்கே நிறுத்துங்கள் என்றார். உங்கள் டைப்புக்கு நடை, ஸ்கிப்பிங் எல்லாம் கூடாது, டென்ஷன் ஹார்மோனான கார்டிசால் ஏறிவிடும், கை காலை நீட்டி மடக்கினால் போதும் என்றார். பால், கோதுமை, அரிசி மூன்றையும் விடச் சொன்னார். இப்போதே சரி செய்யாவிட்டால் பின்னால் குழந்தை பிறக்காது என்று கல்யாணமாகாத பெண்ணிடம் சொன்னார், இதை நான் மன்னிக்கவே மாட்டேன். காலையும் இரவும் ஒரு பவுடர், நடுவில் கேப்ஸ்யூல், ஒரு மூலிகை டீ, மூன்று மாதப் பேக்கேஜ், மாதத் தவணையும் உண்டு. மூன்று மாதத்தில் கட்டியெல்லாம் கரைந்து பீரியட்ஸ் ஒழுங்காகிவிடும் என்று வாட்ஸாப்பில் எழுதியே கொடுத்திருக்கிறார்.

மெட்ஃபார்மின் பற்றி எங்கள் டாக்டர் சொன்னதை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பயத்தைக் காட்டித்தான் எல்லோரும் பிடிக்கிறார்கள். அது கிட்னியைக் கெடுக்கும் மருந்து இல்லை. ஏற்கெனவே கிட்னி பலவீனமாக இருந்தால் டோஸைக் குறைப்பார்கள் அல்லது தரமாட்டார்கள், அதைத்தான் திரித்துச் சொல்கிறார்கள். நாள்பட எடுக்கும்போது பி12 குறையலாம், அதை டெஸ்ட் செய்து பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டி கரையும் என்பதும் அப்படித்தான். ஸ்கேனில் தெரிகிற அந்தச் சின்னச் சின்ன வட்டங்கள் பாதியில் வளர்ச்சி நின்றுபோன கருமுட்டைப் பைகள். அதில் கரைக்க ஒன்றும் கிடையாது.

பவுடர் ஆரம்பித்த பிறகு பீரியட்ஸ் ஒரேயடியாக நின்றுபோனது. கேட்டால், உடம்பு நச்சை வெளியேற்றி ரீசெட் ஆகிறது, நல்ல அறிகுறி என்றார் கோச். கூடவே 6,500 ரூபாய்க்கு ஒரு பூஸ்டர். மாதங்கள் போனது. அப்புறம் ஒரு நாள் வந்த ரத்தப்போக்கு நிற்கவே இல்லை. குர்லா ஸ்டேஷன் பாலத்தில் ஏற முடியாமல் படியிலேயே உட்கார்ந்துகொண்டு எனக்குப் போன் செய்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ஹீமோகுளோபின் 7.9க்கு இறங்கியிருந்தது. ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துப் போயிருந்தது.

இது ஏன் ஆகிறது என்று ஒவ்வொரு பெண்ணும் தெரிந்துகொள்ள வேண்டும். கருமுட்டை வெளியே வந்தால்தான் உடம்பில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் போதுமான அளவு சுரக்கும். முட்டை வராத மாதங்களில் ஈஸ்ட்ரோஜென் மட்டும் வேலை செய்து உள்சுவரைத் தடிக்க வைத்துக்கொண்டே போகும், அதை உதிர்க்கச் சொல்லும் சிக்னல் வராது. பிறகு அது தாறுமாறாக உதிரும்போது இப்படிக் கொட்டும். வருடக்கணக்கில் இப்படியே விட்டால் கர்ப்பப்பை உள்சுவரில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. இளம் வயதில் அது அரிதுதான், ஆனால் பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு மற்றவர்களை விட அதிகம். அதனால் 3 மாதம் பீரியட்ஸ் வரவில்லை என்றால் டாக்டரிடம் போய்த்தான் ஆக வேண்டும். முதலில் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துவிட்டு, தேவைப்பட்டால் சில நாளுக்குப் புரோஜெஸ்டிரோன் மாத்திரை கொடுத்து வர வைப்பார்கள். உடம்பு ரீசெட் ஆகிறது என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே போனை வைத்துவிடுங்கள்.

அங்கே எல்லா டெஸ்டும் எடுத்தார்கள். தைராய்டு, புரோலாக்டின், டெஸ்டோஸ்டிரோன், 17 ஓஎச் புரோஜெஸ்டிரோன், அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் டிஎச்இஏஎஸ், அப்புறம் வெறும் வயிற்றிலும் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரை. டிஎச்இஏஎஸ் முழு நார்மல். அதாவது எந்த அட்ரினலைக் காட்டி அவளிடம் பணம் வாங்கினார்களோ, அதில் ஒரு கோளாறும் இல்லை. இரண்டு மணி நேரச் சர்க்கரை 168. 140க்குக் கீழே இருக்க வேண்டும், 200 வந்தால் சர்க்கரை நோய், இவள் நடுவில் நிற்கிறாள். ஒல்லியாக இருந்தாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் இருக்கலாம், நம் ஊர்க்காரர்களுக்குக் குறைந்த எடையிலேயே இது வருகிறது என்று டாக்டர் சொன்னார். இவளுக்கு மிக அவசியமாக இருந்தது மெட்ஃபார்மினும் நடையும். அந்த இரண்டையும்தான் டைப் என்று சொல்லி நிறுத்தி வைத்திருந்தார்கள்.

அந்த வருஷம் மாட்டுங்காவில் அத்தை வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தபோது டோம்பிவிலியிலிருந்து மாமா பெண்ணும் வந்திருந்தாள். பேச்சுவாக்கில், “அக்கா, நானும் இதே இடத்தில்தான் வாங்குகிறேன், எனக்கு இன்சுலின் டைப்” என்றாள். அவளிடமிருந்து டப்பா போட்டோ வாங்கிப் பார்த்தேன். தங்கையுடையது ஊதா ஸ்டிக்கர், இவளுடையது பச்சை. ஒன்றில் அட்ரினல் பேலன்ஸ், இன்னொன்றில் இன்சுலின் பேலன்ஸ். பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் பெரிதாக்கிப் படித்தால் அஸ்வகந்தா, சதாவரி, வெந்தயம், லவங்கப்பட்டை, பயோட்டின், எடை ஒன்று, அளவு ஒன்று, பேட்ச் நம்பர் கூட ஒன்று! ஒரே பவுடரை இரண்டு பெயரில் விற்றிருக்கிறார்கள். மாமா பெண்ணுக்குத் தைராய்டு மாத்திரை வேறு ஓடுகிறது. சமீபத்தில் அவளுடைய டிஎஸ்எச் என்ற தைராய்டு டெஸ்ட் ரிப்போர்ட் ஏதோ பொருந்தாமல் வந்து டாக்டர் குழம்பிப்போயிருந்தாராம். பயோட்டின் என்ற விட்டமினை அதிக அளவில் எடுத்தால் தைராய்டு டெஸ்டின் அளவீட்டையே அது மாற்றிக் காட்டும், டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பாவது நிறுத்த வேண்டும். அஸ்வகந்தாவும் தைராய்டு உள்ளவர்கள் கேட்காமல் சாப்பிடக்கூடியது இல்லை. இதையெல்லாம் அந்த இன்சுலின் டைப் கோச் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சரி, டைப் என்பதே பொய்யா என்றால், அப்படியும் இல்லை, அதனால்தான் படித்த பெண்களே நம்புகிறார்கள். 2003இல் ரோட்டர்டாமில் நிபுணர்கள் கூடி வகுத்த விதிப்படிதான் இன்றைக்கும் பிசிஓஎஸ்ஸைக் கண்டுபிடிக்கிறார்கள். கருமுட்டை ஒழுங்காக வராதது, ஆண் ஹார்மோன் கூடுதல், ஸ்கேனில் சினைப்பையின் தோற்றம், இந்த மூன்றில் இரண்டு இருக்க வேண்டும், அதோடு தைராய்டு, புரோலாக்டின் மாதிரி வேறு காரணம் இல்லை என்றும் பார்த்துவிட வேண்டும். எந்த இரண்டு, அல்லது மூன்றுமா என்பதை வைத்து டாக்டர்கள் ஏ, பி, சி, டி என்று நான்கு வகையாகப் பிரிப்பது உண்டு. அது இந்த இணைய நான்கு டைப் கிடையாது. பெரியவர்களுக்கு ஸ்கேனுக்குப் பதிலாக சினைப்பையில் இருக்கும் முட்டைப் பைகளின் அளவைக் காட்டும் ஏஎம்எச் என்ற ரத்தப் பரிசோதனையையும் பயன்படுத்தலாம் என்று 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. வயதுக்கு வந்து 8 வருஷம் ஆகாத பெண்களுக்கு இந்த ஸ்கேனையும் ஏஎம்எச்சையும் வைத்து முடிவு செய்யக் கூடாது, அந்த வயதில் சினைப்பை அப்படித் தெரிவது சகஜம். பள்ளிக்கூடப் பெண்ணுக்கு ஸ்கேனைக் காட்டிப் பேக்கேஜ் விற்கிறவர்களும் இருக்கிறார்கள், அம்மாக்கள் கவனிக்கவும்.

அவர்கள் சொல்லும் நான்கிலும் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாதது பெரும்பாலானவர்களுக்கு உண்டு. சிலருக்கு டிஎச்இஏஎஸ்ஸும் கூடும். லேசான வீக்கமும் உடம்பில் இருக்கும். இவையெல்லாம் ஒரே பெண்ணுக்குள் சேர்ந்தே இருக்கலாம், தனித்தனி நோய் இல்லை. கருத்தடை மாத்திரையை நிறுத்திய பிறகு பீரியட்ஸ் தாறுமாறாக வந்தால், முன்பே இருந்த கோளாறை மாத்திரை மறைத்து வைத்திருந்தது என்பதுதான் பல சமயம் நிஜம். எதுவாக இருந்தாலும் டென்ஷனா இல்லையா என்று டிக் அடித்துக் கண்டுபிடிக்க முடியாது.

இயற்கையாகச் சமாளிப்பதை நான் குறை சொல்லவே இல்லை. பிசிஓஎஸ்ஸுக்கு முதல் வைத்தியமே சாப்பாடும் நடையும் தூக்கமும்தான், அதே வழிகாட்டுதலும் எல்லோருக்கும் அதைத்தான் முதலில் சொல்கிறது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் கொஞ்சம் மூச்சு வாங்கும் அளவு நடை, இரண்டு நாள் தசைக்குப் பயிற்சி. எடை கூடுதலாக இருப்பவர்களுக்கு 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்குப் பீரியட்ஸ் சீராகிறது. இந்த உணவுமுறைதான் மற்றதை விட உயர்ந்தது என்று எதற்கும் நிரூபணம் கிடையாது, அதனால் பாலையும் இட்லியையும் பயந்து விட வேண்டாம். ஆஸ்பத்திரி டயட்டீஷியன் தங்கைக்குச் சொன்னது, சோற்றைப் பாதியாக்கிப் பருப்பு, கொண்டைக்கடலை, முட்டை, கீரையைக் கூட்டு, சாப்பிட்டதும் ஒரு நடை போ. இதற்கு ஒரு பைசா செலவில்லை. புதினா டீ குடிப்பதற்கும் இனோசிட்டால் என்ற சத்து மருந்து எடுப்பதற்கும் பெரிய ஆதாரம் கிடையாது, டாக்டரிடம் கேட்டு முயற்சி செய்யலாம். மோவாய் முடிக்கு எந்த வைத்தியம் செய்தாலும் மாற்றம் தெரிய ஆறு மாதமாவது ஆகும், முடி வளரும் வேகம் அப்படி. குழந்தை பற்றிப் பயமுறுத்தினால், முட்டை வருவதற்கு லெட்ரோசோல் என்ற மாத்திரையைத்தான் முதலில் கொடுக்கிறார்கள், பிசிஓஎஸ் உள்ள பெரும்பாலானவர்கள் தாயாகிறார்கள் என்று சொல்லுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, டப்பாவைத் திறந்துவிட்டீர்கள், பலன் ஆளுக்கு ஆள் மாறும் என்று பதில். உங்கள் விளம்பரமே சட்டவிரோதம் என்று எழுதி அனுப்பிய பிறகுதான் குரல் இறங்கியது. 1954ஆம் வருஷத்து மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டத்தின் 3ஆவது பிரிவு, பெண்களின் மாதவிலக்குக் கோளாறைச் சரி செய்வோம் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே தடை செய்கிறது. இது மருந்து இல்லை, உணவு என்று அவர்கள் தப்பிக்கப் பார்த்தார்கள், டப்பாவில் உணவுத் துறையின் 14 இலக்க எண்தான் இருந்தது, மருந்து தயாரிப்பு உரிம எண் இல்லை. உணவு என்றால் நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லவே கூடாது. இரண்டில் எது என்றாலும் அவர்கள் செய்தது தப்பு.

1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தோம், பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் இருக்கும் மாநில உணவு, மருந்து நிர்வாகத் துறையான எஃப்டிஏவுக்கும் டப்பா போட்டோவோடு எழுதியிருக்கிறோம். பாதிப் பணம் தருகிறோம், பதிவு எதுவும் போடக் கூடாது என்று பேரம் பேசினார்கள், தங்கை மாட்டேன் என்றுவிட்டாள். அடுத்தது நுகர்வோர் ஆணையம்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் இருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

ஊதா, பச்சை மாதிரி டைப் ஸ்டிக்கர் ஒட்டிய டப்பா உங்கள் வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். லேபிளின் பின்பக்கத்தை, பேட்ச் நம்பரோடு படம் எடுத்து வையுங்கள். கோச் அனுப்பிய வாட்ஸாப் செய்திகள், பணம் கட்டிய ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பழைய டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு, முதலில் 1915க்குப் போன் செய்யுங்கள். நிறுத்திய மாத்திரையைத் திரும்ப எப்படி ஆரம்பிப்பது என்று உங்கள் டாக்டரிடம் இந்த வாரமே போய்க் கேளுங்கள்.