சிக்கன் ஸ்கீம்: ஒரு பொதுவீட்டுக் கணக்கும் எக் நூலகங்களும்

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பொதுவீடு. பங்காளிகள் மொத்தம் பதினோரு புள்ளி, அதாவது பங்குள்ள பதினோரு குடும்பம். சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று ஆளுக்கொரு திசையில் இருக்கிறார்கள். அதற்காக வீட்டைப் பூட்டிப் போட்டுவிட முடியாது. ஓடு மாற்ற வேண்டும், கரையான் மருந்து அடிக்க வேண்டும், காவல்காரருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், கல்யாணம் வந்தால் வளவையும் முகப்பையும் சுத்தம் செய்ய வேண்டும். இந்தச் செலவையெல்லாம் அவரவர் பங்குப்படி பிரித்து, ரசீது போட்டு, வருடக் கடைசியில் ஐந்தொகை கட்டித் தரும் நிரல் ஒன்றைச் சிக்கன் ஸ்கீமில் எழுதிக் கொடுத்தேன். காரைக்குடியில் இருந்துகொண்டு இன்றுவரை நான்தான் அதைப் பார்த்துக்கொள்கிறேன். இத்தனை வருடத்தில் அதன் எக் நூலகங்கள் எப்படி உழைத்தன, எங்கே இடறின என்று எழுதி வைத்தால், இந்த வழியில் வர நினைப்பவர்களுக்கு உதவும்.

சிக்கன் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஸ்கீம், லிஸ்ப் குடும்பத்து நிரல்மொழி. 1975-இல் எம்.ஐ.டி.யில் ஜெரால்ட் சஸ்மனும் கய் ஸ்டீலும் உருவாக்கியது. அதற்கு இருக்கும் பல செயலாக்கங்களில் ஒன்று சிக்கன்; ஃபெலிக்ஸ் விங்கெல்மன் 2000-இல் தொடங்கியது. ஸ்கீம் நிரலை முதலில் சி மொழிக்கு மாற்றி, அப்புறம் அதைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் சி கம்பைலரிடம் கொடுக்கும். மையம் சிறியது. தரவுத்தளம், வலை சர்வர், சோதனை என்று மற்றதெல்லாம் பயனர்களே எழுதிச் சேர்த்த எக்குகள். சிக்கன்-இன்ஸ்டால் கட்டளைக்கு எக்கின் பெயரைக் கொடுத்தால் சோர்ஸ் இறங்கும், அதற்கு வேண்டிய மற்ற எக்குகளும் கூடவே இறங்கும், எல்லாம் நம் கணினியிலேயே கம்பைல் ஆகி உட்காரும்.

எனக்கு முதல் தேவை பின்னம். இந்த வீட்டின் பங்கு மூன்று அண்ணன் தம்பிகளிடமிருந்து இறங்கி வந்தது. மூத்தவர் வழியில் நான்கு பேர், அடுத்தவர் வழியில் ஐந்து பேர், பிள்ளை கூட்டிய (சுவீகாரம் எடுத்த) மூன்றாமவர் வழியில் இரண்டு பேர். ஆக நான்கு பேருக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு, ஐந்து பேருக்குப் பதினைந்தில் ஒரு பங்கு, இரண்டு பேருக்கு ஆறில் ஒரு பங்கு. ஓடு மாற்றிய வகையில் 1,00,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு ரூபாயாக்கினால் 8,333 நான்கு தடவை, 6,667 ஐந்து தடவை, 16,667 இரண்டு தடவை. கூட்டிப் பாருங்கள், 1,00,001 வரும்.

முன்பு விரிதாளில் கணக்கு இருந்தபோது இதுதான் நடந்துகொண்டிருந்தது. கணக்கு எழுதும் பெரியவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: "தம்பி, லட்சத்துக்கு மேலே இந்த ஒரு ரூபா எங்கேருந்து வந்துச்சு? யார் வீட்டுப் பணம் அது?" மாகாணி, அரைக்கால் எல்லாம் வாய்க்கணக்காகவே போடுகிறவர் அவர். பேரேட்டில் ஒரு ரூபாய் இடித்தால் அடுத்த பக்கம் திருப்ப மாட்டார். அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது.

ஸ்கீமில் 1,00,000-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் விடை தசமமாக வருவதில்லை. 25000/3 என்று பின்னமாகவே வரும், பின்னமாகவே நிற்கும். பதினோரு பங்கையும் திரும்பக் கூட்டினால் அணுவளவும் பிசகாமல் 1,00,000. என் நிரலில் பேரேடு முழுக்கப் பின்னத்தில்தான் இருக்கிறது. கணக்கைச் சேமிக்கும் தரவுத்தளமான எஸ்கியூலைட்டில் பின்னத்துக்கென்று தனி வகை இல்லை என்பதால் '25000/3' என்று எழுத்தாகவே சேமிக்கிறேன். படிக்கும்போது ஸ்கீம் அதை அப்படியே எண்ணாக எடுத்துக்கொள்ளும். ரசீதில் மட்டும் முழு ரூபாய். மிச்சமோ குறைவோ அந்தப் புள்ளியின் பற்றுவரவிலேயே அடுத்த ரசீதுக்குப் போய்விடும். பெரியவர் நீண்ட நேரம் பழைய ஏட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டு, "சரி, இது கணக்கு" என்றார்.

இதில் எக் எங்கே வருகிறது என்றால், நான் தொடங்கியது சிக்கனின் 4-ஆம் பதிப்பில். அப்போது மையத்தில் சிறு முழு எண்களும் தசம எண்களும் மட்டும்தான். பின்னம், மிகப்பெரிய முழு எண் எல்லாம் நம்பர்ஸ் என்ற எக்கிலிருந்து வந்தன. பீட்டர் பெக்ஸ் பராமரித்துவந்த அந்த எக்கின் வேலை, 2018-இல் வந்த 5-ஆம் பதிப்பில் மையத்துக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. சமூகத்தில் ஒருவர் வெளியே வளர்த்தது, நன்றாக வேர்பிடித்த பிறகு எல்லோருக்கும் மொழியின் பாகமாகவே கிடைத்தது. எதிர்த்திசையிலும் நகர்ந்தார்கள். எஸ்ஆர்எஃப்ஐ என்பவை ஸ்கீம் சமூகம் எண் போட்டு வெளியிடும் நூலக வரையறைகள். அவற்றில் பட்டியல்களைக் கையாளும் எஸ்ஆர்எஃப்ஐ-1, சரங்களுக்கான (எழுத்துத் தொடர்களுக்கான) எஸ்ஆர்எஃப்ஐ-13, ஹாஷ் அட்டவணைக்கான எஸ்ஆர்எஃப்ஐ-69 ஆகியவை மையத்திலிருந்து எக்குகளாக வெளியே வந்தன. எனக்கு இந்தப் போக்குவரத்து மிகவும் பிடித்திருக்கிறது. மையத்தில் எது இருக்க வேண்டும் என்பதைப் பயன்பாட்டைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்.

தமிழ் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே கவனம் வேண்டும். 5-ஆம் பதிப்பில் சரம் என்பது பைட் வரிசை. 'செட்டிநாடு' என்ற சொல்லைக் கொடுத்து நீளம் கேட்டால் 30 என்று சொல்லும். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். யுடிஎஃப்8 என்றே ஓர் எக் இருக்கிறது. அலெக்ஸ் ஷின் எழுதியது. அதை இறக்குமதி செய்தால் அதே கேள்விக்கு 10 என்ற விடை வரும். நம் கண்ணுக்குத் தெரிவதோ செ, ட், டி, நா, டு என்று ஐந்து எழுத்து. உயிர்க்குறியையும் புள்ளியையும் முந்தைய மெய்யோடு சேர்த்து ஒன்றாக எண்ணும் சிறு செயல்கூறை நாம்தான் எழுத வேண்டும். கடினமான வேலை இல்லை, ஒரு மாலைக்குள் முடிந்துவிடும். ஆனால் எழுதாமல் விட்டால் ரசீதில் பெயர்ப் பத்தியை இருபது பைட்டோடு வெட்டும் இடத்தில், கடைசி எழுத்து பாதியில் அறுந்து கட்டம் கட்டமாக அச்சாகும். 'லெட்சுமணன்' என்று பெயர் வைத்தவர் கையில் 'லெட்சு' என்று வந்து பின்னால் ஒரு கேள்விக்குறி நின்றால் அவருக்கு எப்படி இருக்கும்?

இன்னொரு எச்சரிக்கை: இந்த எக்கைப் பயன்படுத்தும்போது சாதாரண எஸ்ஆர்எஃப்ஐ-13-ஐ அதே கோப்பில் கலக்காதீர்கள். அதற்கும் யுடிஎஃப்-8 வடிவம் அந்த எக்குக்குள்ளேயே இருக்கிறது, அதை எடுங்கள். ஒன்று பைட்டில் எண்ணி மற்றொன்று குறியீட்டில் எண்ணினால் பிழை எங்கே என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. குறியீட்டு எண்ணிக்கைக்கு முன்னாலிருந்து ஒவ்வொன்றாக நகர வேண்டியிருப்பதால் மிக நீளமான சரங்களில் வேகம் குறையும். பெயர், முகவரி அளவுக்கு அது தெரியவே தெரியாது. அடுத்த பெரும் பதிப்பான 6-க்கான வேலையில் யூனிகோட் சரங்கள் மையத்துக்கே வருகின்றன. நம்பர்ஸ் எக்கின் கதைதான் இங்கும்.

அகரவரிசைக்கு எந்த எக்கும் கைகொடுக்காது. யூனிகோடில் ன, ந-வுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அப்படியே வரிசைப்படுத்தினால் அன்னபூரணி, அருணாசலம், அழகம்மை என்று வரும். நம் வரிசையில் ன கடைசி; அருணாசலம், அழகம்மை, அன்னபூரணி என்றுதான் வர வேண்டும். புள்ளி வைத்த மெய்யும் அகரமேறிய மெய்க்கு முன்னால் வர வேண்டும். இதற்கு ஓர் அட்டவணை போட்டு, எனக்கென்று ஓர் எக்காகவே கட்டிக்கொண்டேன். எக் கட்டுவது எவ்வளவு சுலபம் என்பது அப்போதுதான் தெரிந்தது. 4-ஆம் பதிப்பில் நிறுவும் முறையை ஒரு தனி ஸ்கீம் நிரலாக எழுத வேண்டியிருந்தது. 5-இல் அது வெறும் விவரக் குறிப்பு: பெயர், உரிமம், பதிப்பு எண், என்னென்ன எக்குகள் தேவை, எந்தக் கோப்பு நூலகம், அவ்வளவுதான். அடைவுக்குள் போய் சிக்கன்-இன்ஸ்டால் என்று கொடுத்தால் மற்ற எக்குகளைப் போலவே நிறுவிக்கொள்ளும்.

வலை சர்வருக்கு ஸ்பிஃபி, தரவுத்தளத்துக்கு எஸ்கியூஎல்-டி-லைட், சோதனைக்கு டெஸ்ட். மூன்றும் வைத்த இடத்தில் இருந்தபடி வேலை செய்கின்றன. பங்காளிகள் ஊரிலிருந்தே தங்கள் பற்றுவரவைப் பார்ப்பது ஸ்பிஃபி வழியாகத்தான். பதினோரு வீட்டுக்குப் போதும், இன்னும் நூறு வீடு வந்தாலும் போதும். ரசீது அச்சுக்கு மட்டும் எக் தேடவில்லை. எச்டிஎம்எல்லாக எழுதி உலாவியிடம் அச்சிட விட்டேன். கொம்பையும் சுழியையும் இடம் பார்த்துச் சேர்க்கும் வேலை உலாவிக்கு நன்றாகவே தெரியும்.

நீண்ட நாள் பயன்பாட்டில் உண்மையான சோதனை, பதிப்பு மாறும்போது வரும். 4-க்கு எழுதிய எக் 5-இல் அப்படியே ஓடாது. யாராவது ஒருவர் அதை மாற்றி எழுத வேண்டும். முக்கியமானவை எல்லாம் மாறிவிட்டன. சிலவற்றை எழுதியவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், அவை பழைய பதிப்பிலேயே தங்கிவிட்டன. நான் நம்பியிருந்த ஒரு சின்ன எக் அப்படித்தான் நின்றது. திறந்து பார்த்தால் சில நூறு வரி. எழுதியவர் பெயரையும் உரிமத்தையும் வைத்துக்கொண்டால் யாரும் எடுத்தாளலாம் என்னும் பிஎஸ்டி உரிமம். ஒரு டீ குடித்துக்கொண்டே முழுதும் படித்து முடித்தேன், எனக்கு வேண்டிய செயல்கூறுகளை என் நிரலுக்குள் கொண்டுவந்தேன், எழுதியவர் பெயரையும் உரிமத்தையும் கோப்பின் தலையில் அப்படியே வைத்தேன். இந்த அனுபவம் என் தேர்வு முறையையே மாற்றிவிட்டது. இப்போது ஓர் எக்கை எடுக்கும் முன் எத்தனை வசதி இருக்கிறது என்று பார்ப்பதில்லை. உட்கார்ந்து படித்தால் எனக்குப் புரியுமா, எழுதியவர் நாளை இல்லாவிட்டால் நான் தூக்கிச் சுமக்க முடியுமா என்று பார்க்கிறேன். பெரும்பாலான எக்குகள் இந்த அளவுக்குள் அடங்கிவிடுகின்றன. வேறு பெரிய மொழிகளில் ஒரு நூலகத்தைச் சேர்த்தால் பின்னாலேயே ஊரே கிளம்பி வருகிறது. அத்தனையையும் யார் படிப்பது?

எக்கின் ஆரோக்கியத்தைப் பார்க்க நல்ல வழி ஒன்று உண்டு. மரியோ கோலார்ட் எழுதிய சால்மொனெல்லா என்ற கருவி, ஒவ்வொரு எக்கையும் இறக்கி, நிறுவி, அதன் சோதனைகளை ஓட்டி, ஆவணம் இருக்கிறதா என்றுகூடப் பார்த்து அறிக்கை தருகிறது. சமூகத்தில் இதைத் தொடர்ந்து ஓட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஓர் எக்கைத் தொடுமுன் அந்த அறிக்கையைப் பாருங்கள். சோதனை இருக்கிறதா, தேறுகிறதா, எத்தனை எக்குகள் அதன் தோளில் நிற்கின்றன என்று தெரிந்துவிடும். சம்பளம் வாங்காத சிலர் இவ்வளவு ஒழுங்கோடு இதைச் செய்வதைப் பார்க்கும்போது எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை வருகிறது.

நடைமுறைக்கு இன்னும் சில. வேலை செய்யும் நிலையில் சிக்கன்-ஸ்டேட்டஸ் கட்டளையைப் பட்டியல் விருப்பத்தோடு ஓட்டி, நிறுவிய எக்குகளையும் பதிப்பு எண்களையும் ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். கணினி மாறினால் அதே கோப்பைக் கொடுத்து அதே பதிப்புகளை நிறுவலாம். பொதுவீட்டுக் கணக்கறையில் இருந்த பழைய கணினி ஓர் ஆடி மாதத்து மின்னலில் போனபோது, மறுநாளே வேறொன்றில் எல்லாம் எழுந்து நின்றது இதனால்தான். எக்குகளின் சோர்ஸையும் தனியாக இறக்கிச் சேமித்து வையுங்கள். இணையம் படுத்துவிட்ட நாளிலும் நிறுவ முடியும். நிறுவும் கணினியில் சி கம்பைலர் இருந்தே ஆக வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். அது வேண்டாம் என்றால் காரைக்குடியில் கம்பைல் செய்த நிரலைப் பென் டிரைவில் எடுத்துப் போகலாம், நான் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறேன்.

யாருக்கு இது வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். பணம் கட்டும் நிறுவனங்களின் இணைப்பு, வாட்ஸ்அப் செய்தி, ஜிஎஸ்டி தாக்கல் என்று தயாராக வேண்டுபவர்கள் வேறு மொழிக்குப் போவது நல்லது. அந்த நிறுவனங்கள் ஸ்கீமுக்கு நூலகம் எழுதித் தருவதில்லை. எச்டிடிபி எக்கை வைத்து நாமே பேச வேண்டும். ஒரு குழுவாக வேலை செய்பவர்களுக்கும் இங்கே ஸ்கீம் தெரிந்த ஆள் கிடைப்பது அரிது. தனியாளாக, பல வருடம் ஓட வேண்டிய, அளவான வேலைக்கு நான் தயங்காமல் இதைச் சொல்வேன்.

அகரவரிசை எக்கைப் பொதுவில் வைக்கும் வேலையில் இப்போது இருக்கிறேன். சோதனைகள் எழுதியாகிவிட்டன. ஜ, ஷ, ஸ, ஹ வரும் பெயர்களை எங்கே வைப்பது என்பதில்தான் நிற்கிறது: ன-வுக்குப் பிறகு எல்லாவற்றையும் சேர்த்து வைப்பவர்கள் உண்டு, ஜ-வைச் ச-வோடு சேர்ப்பவர்களும் உண்டு. உங்கள் ஊர்க் கோயில் வரிப் புத்தகத்திலோ சங்கப் பதிவேட்டிலோ எப்படி எழுதுகிறார்கள் என்று சொன்னால், இரண்டையும் விருப்பத் தேர்வாகச் சேர்த்துவிடுவேன்.