36 வாட் பிளாண்ட் லைட்டுன்னு சொல்லி என் தலையில கட்டிட்டாங்க

சென்னை கொளத்தூருக்கு மீன் தொட்டி சாமான் வாங்கப் போறவங்க ஒரு நிமிஷம் இத படிச்சிட்டுப் போங்க. கடை பேரு வேணாம், அங்க நல்ல கடைங்களும் நிறையவே இருக்கு, நமக்கு வாய்ச்சது இது.

வீட்ல 2 அடி தொட்டி, சுமார் 55 லிட்டர். செடி வளக்கணும்னு சொன்னதும் கடைக்காரர் ஒரு லைட்ட மாட்டிக் காமிச்சாரு, ரோஸும் நீலமும் கலந்து அடிக்குது, நியான் டெட்ரா மீனெல்லாம் அப்படியே தகதகன்னு இருக்கு, நானும் வாயப் பொளந்துட்டு 2800 ரூபா குடுத்துட்டேன். "36 வாட் சார், பிளாண்டுக்குன்னே வர்றது, எது வெச்சாலும் வளரும்"னாரு. கூடவே ரொட்டாலா, மான்டி கார்லோன்னு தொட்டிச் செடியெல்லாம் அவர்கிட்டயே வாங்கியாச்சு.

மூணு வாரத்துல ரொட்டாலா கணுவுக்குக் கணு இடைவெளி விட்டு ஒல்லியா மேல ஓடுது, அடி இலையெல்லாம் கொட்டிப் போச்சு. தரையில படரணும்னு வெச்ச மான்டி கார்லோ வெளிச்சத்தத் தேடி நட்டுக்கிட்டு நிக்குது. அனுபியாஸ்ங்கற செடி மட்டும் தேமேன்னு இருந்துச்சு, அதுக்கு கம்மி வெளிச்சமே போதும். போன் பண்ணா "அது மெல்ட் சார், புதுசா வெச்சா அப்டித்தான்"ங்கறாரு. மெல்ட்டுங்கறது பொய் இல்ல, நர்சரில தண்ணிக்கு வெளிய வளத்த செடிய தொட்டில போட்டா பழைய இலை அழுகத்தான் செய்யும், ஆனா புதுசா வர்ற இலையுமா வெளிறிப் போய் வரும்? சரின்னு விட்டேன். "12 மணி நேரம் போட்டு விடுங்க"ன்னாரு, போட்டேன், கண்ணாடி பூரா பாசி. அந்தப் பாசிக்கும் அவரே 350 ரூபாய்க்கு ஒரு மருந்து வித்தாரு பாருங்க, அங்கதான் எனக்கு உறைச்சுது.

அன்னிக்கு ராத்திரி அடாப்டர கழட்டி பின்னாடி ஒட்டியிருந்த ஸ்டிக்கர படிச்சேன். அவுட்புட் 12 வோல்ட், 1 ஆம்பியர். பெருக்குனா 12 வாட். அடாப்டரே 12 வாட்டுதான் தரும்னா லைட்டு எப்படிங்க 36 வாட் எரியும்? கடைல நிக்கும்போதே அத திருப்பிப் பாத்திருக்கலாம், அஞ்சு செகண்ட் வேலை.

இப்ப எலக்ட்ரிக் கடைல வாங்குன சாதா 20 வாட் ஃப்ளட் லைட்டுதான் தொட்டிக்கு மேல தொங்குது. டப்பாவுலயே 6500 கெல்வின் (பகல் மாதிரி வெள்ளை வெளிச்சம்), 2000 லூமென் (வெளிச்சத்தோட அளவு)னு போட்டிருந்துச்சு, அப்படின்னா லிட்டருக்கு கிட்டத்தட்ட 36 லூமென், செடிக்குன்னு தனியா சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) வாயு விடாத என் தொட்டிக்கு இதுவே கொஞ்சம் ஜாஸ்திதான். அதனால டைமர் போட்டு 6 மணி நேரத்தோட நிறுத்திடறேன். ரொட்டாலா இப்ப நெருக்கமா துளிர் விடுது.

பழைய லைட்ட திருப்பிக் குடுக்கப் போனா "தண்ணி பட்டுருக்கு சார், வாரண்டி கிடையாது"ன்னுட்டாரு. மீன் தொட்டி லைட்டுங்க அது! இப்ப அம்மா அத கொலுவுக்குன்னு பரண் மேல எடுத்து வெச்சிருக்காங்க.